சீனியர் ஒண்ணு சொல்றார், பேப்பர் ஒண்ணு சொல்லுது: குடிநோய் வார்டுல வேலை பாக்கற ஒரு டாக்டருக்கு பதில்

இந்த வாரம் ஒரு இளம் டாக்டர் எழுதியிருக்காங்க. பேர், ஊர் போட வேண்டாம்னு கேட்டதால எடுத்துட்டேன், கொஞ்சம் சுருக்கியும் இருக்கேன்.

"சார், தென் மாவட்டத்துல ஒரு அரசு ஆஸ்பத்திரி போதை சிகிச்சை வார்டுல மெடிக்கல் ஆபிசரா இருக்கேன். எம்பிபிஎஸ் தான், சைக்கியாட்ரி படிக்கல. வார்டை பாத்துக்கறது நானும் ஒரு கவுன்சிலர் அக்காவும். எங்க சீனியர் வர்ற எல்லாருக்கும் டைசல்ஃபிரம் (போட்டுக்கிட்டு குடிச்சா உடம்பு ஒத்துக்காம பண்ற மாத்திரை) தான் எழுதுவார். போன மாசம் ஒரு டிரெயினிங்ல வந்தவர், அது பழைய மருந்து, எவிடென்ஸ் கிடையாது, இனிமே குடி ஆசையை குறைக்கற நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் மாத்திரைங்க தான்னு ஸ்லைடு போட்டு காட்டினார். சீனியர்கிட்ட சொன்னா, அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு எழுதினதும்மா, என் அனுபவத்துல நான் பாக்காததான்னு சிரிக்கிறார். சரி நாமளே படிப்போம்னு பேப்பரை எடுத்தா பாதி புரியல, ஒரு பேப்பர் வேலை செய்யுதுங்குது, இன்னொண்ணு செய்யலங்குது. கவுன்சிலர் அக்கா மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் (அட்வைஸ் பண்ணாம, கேட்டு பேசி ஆளையே மாற யோசிக்க வைக்கற முறை) டிரெயினிங் போய்ட்டு வந்தாங்க, ஒரு மாசத்துல பழையபடி அட்வைஸ் மழை. இதுக்கு நடுவுல வீட்டுக்காரம்மாங்க வந்து, சோத்துல கலந்து குடுக்க ஒரு மாத்திரை எழுதிக் குடுங்கம்மான்னு கெஞ்சறாங்க. ரிசர்ச்சை எப்படி சார் படிக்கிறது, படிச்சதை எப்படி வார்டுக்கு கொண்டு வர்றது?"

வணக்கம் டாக்டர். உங்க சீனியரும் பொய் சொல்லல, ஸ்லைடு போட்டவரும் பொய் சொல்லல, ரெண்டு பேரும் ஆளுக்கு பாதி சொல்லியிருக்காங்க. டைசல்ஃபிரம் விவகாரம் ஒண்ணை ஒழுங்கா படிச்சீங்கன்னா மத்த எல்லாத்தையும் படிக்க வந்துடும், அதனால அதுலயே ரொம்ப நேரம் நிக்கப் போறேன், பொறுத்துக்கோங்க.

எவிடென்ஸ் இல்லன்னு சொல்றவங்க பெரும்பாலும் கையில வெச்சிருக்கறது 1986ல ஜாமாங்கற மருத்துவ ஜர்னல்ல வந்த அமெரிக்க டிரையல் (ஆளுங்களை குரூப் பிரிச்சு மருந்தை சோதிச்சு பாக்கற ஆய்வு). முன்னாள் ராணுவத்தினருக்கான 9 ஆஸ்பத்திரிகள்ல 605 ஆம்பளைங்களை மூணு குரூப்பா பிரிச்சாங்க. ஒரு குரூப்புக்கு 250 மில்லிகிராம் டைசல்ஃபிரம், ஒரு குரூப்புக்கு வெறும் 1 மில்லிகிராம் (அது ஒண்ணும் பண்ணாது, ஆனா பேர் டைசல்ஃபிரம் தான்), மூணாவது குரூப்புக்கு டைசல்ஃபிரமே கிடையாது. ஒரு வருஷம் கழிச்சு பாத்தா முழுசா குடிக்காம இருந்தவங்க எண்ணிக்கையில பெரிய வித்தியாசம் இல்ல, மூணுலயும் 16லேர்ந்து 23 சதவீதத்துக்குள்ள தான். அப்ஸ்ட்ராக்ட் (பேப்பர் ஆரம்பத்துல வர்ற சுருக்கம்) மட்டும் படிக்கிற ஆள் இத்தோட மூடி வெச்சிட்டு "டைசல்ஃபிரம் வேஸ்ட்"னு ஸ்லைடு போட்டுடலாம்.

ஆனா உள்ள போய் பாருங்க. மாத்திரையை ஒழுங்கா போட்டவங்க மொத்தத்துல 5ல 1 ஆள் தான். வீட்டுக்கு குடுத்து அனுப்பிட்டாங்க, போடறதும் போடாததும் அவங்க இஷ்டம், கூட நின்னு குடுக்க ஆள் கிடையாது. அதே பேப்பர்ல இன்னொரு நம்பர் இருக்கு, திரும்ப குடிச்சவங்கள்ல பின்தொடர்ந்து பேட்டி முழுசா கிடைச்சவங்களை பாத்தா 250 குரூப்ல குடிச்ச நாள் வருஷத்துக்கு சராசரி 49, 1 மில்லிகிராம்ல 75, மருந்தே இல்லாத குரூப்ல 86. ஆக முழு நிறுத்தம்னு கேட்டா வேலை செய்யல, குடிக்கிற நாள் குறைஞ்சுதான்னு கேட்டா சிலருக்கு குறைஞ்சிருக்கு. நீங்க என்ன கேக்கறீங்களோ அதுக்குத்தான் பேப்பர் பதில் சொல்லும்.

இன்னொரு அழகான விஷயமும் அதுல ஒளிஞ்சிருக்கு. எந்த குரூப்பா இருந்தாலும் குடுத்ததை ஒழுங்கா போட்டவங்க குடிக்காம இருக்கறது ஜாஸ்தியா இருந்துச்சு, 1 மில்லிகிராம் குரூப்லயும் தான். அப்போ "எங்க சென்டர்ல மாத்திரையை ஒழுங்கா போட்டவன் எல்லாம் நல்லா இருக்கான்"னு ஒருத்தர் சொன்னா அது மருந்தோட வேலையா, இல்ல சொன்னபடி கேக்கற ஆள் எதுல போட்டாலும் தேறிடுவானாங்கற கேள்வி வருது. சீனியர்களோட அனுபவத்துல இந்த ஓட்டை உண்டு, அவங்க கண்ணுல படறது திரும்பி வர்றவன் தான்.

இப்ப சீனியர் பக்கத்துக்கு வாங்க. வெள்ளைக்காரனுக்கு எழுதினதுன்னு அவர் சொன்னாரில்ல, நம்ம ஊர்லயே அவருக்கு சாதகமா ஒண்ணு இருக்கு. 2004ல மும்பைலேர்ந்து ஆல்கஹால் அண்ட் ஆல்கஹாலிசம் ஜர்னல்ல வந்தது, 100 ஆம்பளைங்க, பாதி பேருக்கு டைசல்ஃபிரம், பாதி பேருக்கு நால்ட்ரெக்சோன், ஒரு வருஷம். முடிவுல குடிக்காம இருந்தவங்க டைசல்ஃபிரம்ல 86 சதவீதம், நால்ட்ரெக்சோன்ல 44. இதை பாத்ததும் துள்ளாதீங்க. சேத்துக்கிட்ட எல்லாருக்கும் மாத்திரையை ஒழுங்கா போட வைக்க வீட்டுல ஒரு ஆள் இருந்தாங்க. அப்புறம் அது ஓப்பன் டிரையல், யாருக்கு என்ன மருந்துன்னு டாக்டருக்கும் தெரியும் பேஷன்ட்டுக்கும் தெரியும், டாக்டரோட நம்பிக்கை ரிசல்ட்டை தள்ளியிருக்க சான்ஸ் உண்டு.

இங்க ஒரு முடிச்சு இருக்கு. 2014ல 22 டிரையலை சேத்து ஒரு மெட்டா அனாலிசிஸ் வந்துச்சு. ஓப்பன் டிரையல்களை மட்டும் எடுத்தா டைசல்ஃபிரம் நல்லா வேலை செய்யுது, பிளைண்ட் டிரையல்களை (யாருக்கு என்ன மருந்துன்னு தெரியாம நடத்தறது) மட்டும் எடுத்தா வேலையே செய்யல. வேற மருந்தா இருந்தா "பாத்தீங்களா, பிளைண்ட் பண்ணா சாயம் வெளுத்துடுச்சு"ன்னு சொல்லிடலாம். ஆனா இந்த மருந்து வேலை செய்யற விதமே வேற. குடிச்சா முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும்னு தெரிஞ்சிருக்கற அந்த பயம் தான் பாதி மருந்து. வீட்டு வாசல்ல "நாய்கள் ஜாக்கிரதை" போர்டு மாட்டற மாதிரி, உள்ள நாய் இருக்கோ இல்லையோ போர்டை படிச்சவன் கேட்டை தொட மாட்டான். பிளைண்ட் டிரையல்ல ரெண்டு குரூப் வாசல்லயும் அதே போர்டு தொங்குது, பிளாசிபோ (மருந்து இல்லாத வெத்து மாத்திரை) போட்டவனும் பயந்துக்கிட்டு தான் இருக்கான், அப்புறம் எங்கேர்ந்து வித்தியாசம் வரும்? டபுள் பிளைண்ட்னா உசத்தி, ஓப்பன்னா மட்டம்னு எக்ஸாமுக்கு மனப்பாடம் பண்ணியிருப்போம், அந்த விதி எங்க பொருந்தும் எங்க பொருந்தாதுன்னு தெரிய மருந்தோட வேலை முறை தெரிஞ்சிருக்கணும்.

சோத்துல கலக்கற கேள்விக்கும் பதில் இதுலயே வந்துடுச்சு. கலந்து குடுத்தா ஆளுக்கு தெரியாது, தெரியாததால பயம் இல்ல, பயம் இல்லாததால வழக்கம் போல போய் குடிப்பான், அப்புறம் பிரஷர் இறங்கி எமர்ஜென்சிக்கு தூக்கிட்டு வருவாங்க, இதயக் கோளாறு இருக்கறவனா இருந்தா உயிரே போகலாம். போர்டை கழட்டிட்டு நாயை மட்டும் அவுத்து விடற வேலை அது. அந்த அம்மாகிட்ட கோவப்படாதீங்க, எத்தனை பேர்கிட்ட கேட்டு அலைஞ்சு உங்ககிட்ட வந்திருக்காங்களோ. "கலக்காதீங்க, அவரை கூட்டிட்டு வாங்க, அவர் சம்மதிச்சா நீங்களே தினமும் காலையில உங்க கையால குடுக்கற மாதிரி எழுதித் தர்றேன்"னு சொல்லுங்க. மும்பைல ஜெயிச்சதும் வீட்டு ஆள் துணையோட தானே. குடுக்கறதுக்கு முன்னாடி ஈரல் டெஸ்ட், ஈசிஜி, எழுத்துல சம்மதம், கடைசியா குடிச்சு குறைஞ்சது 12 மணி நேரம் ஆகியிருக்கணும், நிறுத்தின பிறகும் 2 வாரம் வரைக்கும் ரியாக்‌ஷன் வரலாம்னு சொல்லிடணும். இருமல் சிரப், அரிஷ்டம் எல்லாம் கேட்டு வைங்க, தசமூலாரிஷ்டத்துல ஆல்கஹால் இருக்குன்னு நம்ம ஜனங்க யோசிக்கறதே இல்ல.

அப்போ எல்லாருக்கும் டைசல்ஃபிரம் எழுதற சீனியர் சரியான்னா, கூட நின்னு குடுக்க ஆள் இருக்கறவனுக்கு, ஈரலும் இதயமும் நல்லா இருக்கறவனுக்கு, முழுசா நிறுத்தணும்னு அவனே சொல்றவனுக்கு சரி. பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு போய்ட்டா, தனியா லாட்ஜ்ல தங்கி வேலை பாக்கறான், அவன் கையில ஸ்ட்ரிப்பை குடுத்து அனுப்பினீங்கன்னா நீங்க நடத்தறது 1986 டிரையல். அமெரிக்க சைக்கியாட்ரி சங்கத்தோட 2018 கைடுலைன் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட்டை முதல்ல வெச்சு, டைசல்ஃபிரத்தை முழு நிறுத்தம் தான் வேணும்னு கேக்கறவங்களுக்கு குடுக்கலாம்னு பின்னாடி வெச்சிருக்கு, தூக்கி எறியல. ஸ்லைடுல அந்த வரி விட்டுப் போச்சு போல.

அடுத்தது அகாம்ப்ரோசேட், ஒண்ணு வேலை செய்யுதுங்குது இன்னொண்ணு செய்யலங்குதுன்னீங்களே. ஐரோப்பாவுல பல டிரையல்ல நல்லா இருந்துச்சு, அமெரிக்காவுல 2006ல வந்த கம்பைன் டிரையல்ல (1383 பேர், 11 சென்டர்) ஒண்ணுமே இல்ல, அதுல நால்ட்ரெக்சோன் தான் தேறுச்சு. ஒரே மருந்து எப்படி கடல் தாண்டினதும் செத்துப் போச்சு? ஆளுங்களை பாருங்க. கம்பைன்ல சேர 4 நாள் குடிக்காம இருந்தா போதும். ஐரோப்பாவுல நிறைய பேர் முறையா டீடாக்ஸ் (உடம்புலேர்ந்து குடியை பத்திரமா இறக்கற சிகிச்சை) முடிச்சு உள்ள வந்தவங்க. அப்புறம் நிறைய டிரையலை சேத்து பாத்தப்ப தெரிஞ்சது என்னன்னா, ஏற்கனவே நிறுத்தினவன் நிறுத்தினபடி இருக்க அகாம்ப்ரோசேட் பரவால்ல, மொடாக் குடி குடிக்கறதை குறைக்க நால்ட்ரெக்சோன் பரவால்ல. உங்க வார்டுல டீடாக்ஸ் முடிச்சு டிஸ்சார்ஜ் ஆகறவன் எந்த கூட்டம்னு நீங்களே சொல்லுங்க. ஆனா அகாம்ப்ரோசேட் ஒரு நாளைக்கு 6 மாத்திரை, கிட்னியும் பாக்கணும், கட்டட வேலைக்கு போறவன் மதியம் 2 மாத்திரை எடுத்துட்டு போவானான்னு எந்த பேப்பர்லயும் எழுதியிருக்காது, அதை நீங்க தான் கேக்கணும். நால்ட்ரெக்சோன் எழுதறதுக்கு முன்னாடி வலி மாத்திரை பழக்கத்தையும் கேளுங்க, இப்ப பசங்க டேபென்டடால், ட்ராமடால்னு போட்டுக்கிட்டு இருக்காங்க, அது மேல நால்ட்ரெக்சோன் விழுந்தா வித்ட்ராயல் (பழகின மருந்து திடீர்னு நின்னா வர்ற உடம்பு கஷ்டம்) தூக்கிப் போட்டுடும்.

கம்பைன்ல யாரும் கவனிக்காத ஒண்ணு, மாத்திரை வாங்கின எல்லாருக்கும், பிளாசிபோ வாங்கினவனுக்கும் கூட, 16 வாரத்துல 9 சிட்டிங் டாக்டரோ நர்ஸோ உக்காந்து பேசினாங்க, முதல் சிட்டிங் முக்கால் மணி நேரம் கிட்ட, அப்புறம் ஒவ்வொண்ணும் 20 நிமிஷம் கிட்ட. நம்ம ஓபில மூணு நிமிஷம் பாத்து ஒரு மாச மாத்திரை எழுதிட்டு அதே ரிசல்ட் வரலன்னு மருந்தை திட்டறோம்.

வெள்ளைக்காரனுக்கு எழுதினதுங்கறதுல உண்மை எங்க இருக்குன்னா அளவுகள்ல. அமெரிக்க பேப்பர்ல "ஹெவி டிரிங்கிங் டே"ன்னா ஆம்பளைக்கு ஒரே நாள்ல 5 டிரிங்க், அவங்க டிரிங்க் ஒண்ணு 14 கிராம் ஆல்கஹால், ஆக 70 கிராம். நம்மாளு டாஸ்மாக்ல வாங்கற குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம், கணக்கு போட்டா கிட்டத்தட்ட 61 கிராம். அதாவது தினமும் ஒரு குவார்ட்டர் அடிச்சு வீட்டை நாறடிக்கறவன் இந்த ஹெவி டிரிங்கிங் டே கணக்குல ஒரு நாள் கூட வர மாட்டான்! அதே 61 கிராமை உலக சுகாதார நிறுவனத்தோட அளவுகோல்ல வெச்சா ஹை ரிஸ்க். அதனால "ஹெவி டிரிங்கிங் குறைஞ்சது"ன்னு ஒரு பேப்பர் சொன்னா, அது உங்க பேஷன்ட்டுக்கு ரெண்டு குவார்ட்டர் ஒண்ணா ஆச்சுங்கறதா கூட இருக்கலாம். அந்த அம்மாவுக்கு அது வெற்றியா? சில வீட்டுல ஆமா. அடி உதை நின்னு சம்பளம் பாதி வீட்டுக்கு வந்தா அதையும் வெற்றின்னு சொல்றவங்க இருக்காங்க, கேட்டு தான் தெரிஞ்சுக்கணும்.

வேலை செய்யுதுன்னா எவ்வளவுன்னும் பாருங்க. 2023ல ஜாமால வந்த பெரிய ரிவ்யூ (118 டிரையல், 20,976 பேர்) படி, ஒருத்தர் மறுபடி குடிக்க ஆரம்பிக்காம தடுக்க 11 பேருக்கு அகாம்ப்ரோசேட் குடுக்கணும், நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம்னா 18 பேருக்கு, மொடாக் குடிக்கு திரும்பாம தடுக்கறதுன்னா நால்ட்ரெக்சோனும் 11. இதை கேட்டா புதுசா வர்றவங்களுக்கு சப்புன்னு போயிடுது. ஆனா நாம தினமும் எழுதற பல மருந்துகளோட கணக்கு இதை விட மோசம். குடும்பத்துகிட்ட "இந்த மாத்திரை போட்டா நிறுத்திடுவார்"னு சொல்லாம "நிறுத்தணும்னு இருக்கறவருக்கு இது கொஞ்சம் கை குடுக்கும்"னு நேர்மையா சொல்ல இந்த நம்பர் தெரிஞ்சிருக்கணும்.

மருந்து இல்லாத பக்கமும் ஒண்ணு சொல்லிடறேன், இது நம்ம நாட்டு சரக்கு. கோவாவுல சங்காத் அமைப்பு பண்ணின பிரீமியம் டிரையல், 2017ல லான்செட் ஜர்னல்ல வந்தது. 10 ஆரம்ப சுகாதார நிலையம், 377 ஆம்பளைங்க, பேசினது டாக்டர் இல்ல, சைக்காலஜிஸ்ட் இல்ல, டிரெயினிங் குடுத்த உள்ளூர் ஆளுங்க. 3 மாசத்துல தேறினவங்க 36 சதவீதம், வழக்கமான சிகிச்சையில 26. கடைசி 14 நாள் தொடாதவங்க 42 சதவீதம், வழக்கமான சிகிச்சையில 18. ஆனா குடிச்சிக்கிட்டே இருந்தவங்க குடிக்கற அளவு ஒண்ணும் குறையல, அதையும் மறைக்காம எழுதியிருக்காங்க. இதை உங்க வார்டுக்கு அப்படியே தூக்கிட்டு வராதீங்க, அவங்க சேத்தது ஆடிட் (குடிப்பழக்கத்தை அளக்கற கேள்வித்தாள்) ஸ்கோர் 12லேர்ந்து 19 வரைக்கும் உள்ளவங்களை, கை நடுங்கிக்கிட்டு அட்மிட் ஆகறவங்களை இல்ல. உங்க ஆஸ்பத்திரி பிரஷர் ஓபி, எலும்பு முறிவு வார்டு, அங்க இருக்கான் அந்த பேஷன்ட். 2019ல வந்த தேசிய சர்வே படி குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேர்ல ஒருத்தர் தான் ஏதாவது சிகிச்சைன்னு போயிருக்கார், மிச்ச 37 பேர் உங்க வார்டு கதவை தட்ட மாட்டாங்க, நீங்க தான் பக்கத்து ஓபிக்கு போகணும்.

கவுன்சிலர் அக்கா மேல தப்பே இல்ல, டிரெயினிங் போட்ட விதம் அப்படி. இதையும் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, 2004ல 140 போதை சிகிச்சை நிபுணர்களை வெச்சு. வொர்க்‌ஷாப் மட்டும் போனவங்க கத்துக்கிட்டது சில மாசத்துல கரைஞ்சு போச்சு. பேசினதை டேப் பண்ணி அனுப்பி, அதை கேட்டு ஒருத்தர் ஃபீட்பேக் குடுத்து, ஃபோன்ல 6 தடவை வரைக்கும் கோச்சிங்கும் குடுத்தாங்களே, அந்த குரூப்ல தான் பேஷன்ட் பேசற பேச்சே மாறுச்சு. பட்ஜெட்ல டிரெயினிங்னா நம்மாளுங்களுக்கு ஹால், பேனர், மதிய சாப்பாடு, சர்டிபிகேட், ஃபீட்பேக்குக்கு ஒரு ரூபா ஒதுக்க மாட்டாங்க. அக்காவை பேஷன்ட்டோட சம்மதம் வாங்கி மாசம் ஒரு செஷன் ரெக்கார்ட் பண்ண சொல்லுங்க, பேர் ஊர் எதுவும் வராம, ரெண்டு பேரும் உக்காந்து கேளுங்க. அட்வைஸ் எத்தனை தடவை, கேள்வி எத்தனை தடவை, பேஷன்ட் சொன்னதையே திருப்பி சொன்னது எத்தனை தடவைன்னு எண்ணினாலே போதும், அக்காவே சிரிச்சிடுவாங்க. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தோட இகோ மாதிரி வீடியோ கால்ல நம்ம கேஸை வெச்சு பேசற புரோகிராம்கள் இருக்கு, இடம் கிடைச்சா விடாதீங்க.

பேப்பர் படிக்கற முறைன்னு கேட்டீங்க. கன்க்ளூஷனை முதல்ல படிக்காதீங்க, அதை எழுதினவர் ஆசைப்பட்டு எழுதியிருப்பார். யாரை சேத்தாங்க, முக்கியமா யாரை சேக்கலைங்கறதை படிங்க, ஈரல் கெட்டவன், மனநோய் இருக்கறவன், வீடு இல்லாதவன் எல்லாரையும் கழட்டி விட்டிருப்பாங்க, உங்க வார்டுல பாதி அவங்க தான். அப்புறம் எதோட ஒப்பிட்டாங்க, எதை வெற்றின்னு வெச்சாங்க, எத்தனை நாள் பாத்தாங்க. கடைசியா, காணாம போனவங்களை எந்த கணக்குல சேத்தாங்க. புள்ளியியல் வரி புரியலைன்னா தாண்டி போங்க, இந்த கேள்விகளுக்கு விடை கிடைச்சாலே டிரெயினிங்ல ஸ்லைடு போடறவரை கை தூக்கி கேள்வி கேக்கற அளவுக்கு வந்துடுவீங்க.

காணாம போறவங்க கணக்கு உங்க வார்டுக்கும் உண்டு. ஒரு பேச்சுக்கு, 50 பேர் டிஸ்சார்ஜ், 6 மாசம் கழிச்சு ஓபிக்கு 15 பேர் வர்றாங்க, அதுல 12 பேர் குடிக்கல. 12ஐ 15ஆல வகுத்தா 80 சதவீதம் வெற்றின்னு போர்டு வைக்கலாம், வைக்கறாங்க. 50ஆல வகுத்தா 24. ஒரு 200 பக்க நோட்டு வாங்குங்க, டிஸ்சார்ஜ் ஆகற ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரி, என்ன மருந்து, வீட்டுல யார் கையில குடுத்து போடறாங்க, 1 மாசம் 3 மாசம் 6 மாசத்துல ஃபோன் பண்ணி என்ன நிலைமை, எடுக்கலைன்னா குடிக்கறான்னே எழுதிடுங்க. வருஷக் கடைசியில கூட நின்னு குடுக்க ஆள் இருந்தவங்க, இல்லாதவங்கன்னு பிரிச்சு பாருங்க. இது டிரையல் ஆகாது, ரெண்டு கூட்டமும் வேற வேற ஆளுங்க, ஆனா உங்க சீனியரோட அனுபவத்தை விட, அந்த ஸ்லைடை விட, உங்க வார்டை பத்தி அதிகமா சொல்லும்.

சீனியர்கிட்ட சண்டை வேண்டாம். மும்பை பேப்பரை பிரிண்ட் எடுத்து முதல்ல குடுங்க, அதுல அவர் ஜெயிச்சிருக்கார், டீ குடிச்சிக்கிட்டே சந்தோஷமா படிப்பார். "சார், இதுல எல்லாருக்கும் வீட்டுல மாத்திரை போட வைக்க ஆள் இருந்திருக்காங்க, நம்ம 4வது பெட்டுக்கு யார் சார் இருக்கா"ன்னு கேளுங்க. 1986 பேப்பரை அடுத்த வாரம் எடுத்துக்கலாம்.